ஆறு மூலை வெளிச்சம்

செர்னிகமென் ஊரில் மெத்தோடி ட்ரென்கோவுக்கு 'ஆதாரம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முப்பத்தைந்து வருடமாக அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர் அவர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வந்து விழுவது "ஆதாரம் என்ன?" என்பதுதான். காப்பி வண்டலில் குறி பார்க்கும் பெண்களை அவர் விட்டதில்லை. மாதா கோயில் படம் கண்ணீர் விடுகிறது என்று வந்து சொன்னவனிடம் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். ஓட்டை இருந்தது. அதனால் ஊரில் அவருக்கு மரியாதை இருந்தது, பயமும் இருந்தது.

அவரிடம் அதிகமாக அடிபட்டவர் வல்கோ. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். இளவயதில் கிரேக்க எல்லையில் காவல் நின்றபோது, எண்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில், மலைமுகட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் அசையாமல் பத்து நிமிடம் நின்றதைப் பார்த்ததாகச் சொல்வார். அதைச் சொன்னதற்காக அவரை ராணுவ மருத்துவமனையில் மூன்று வாரம் மனநிலை பரிசோதித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படியும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. ஒருநாள் பேருந்து நிலையத்தை ஒட்டிய காப்பிக்கடையில் இருபது பேர் நடுவில் மெத்தோடி அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்கி, கடைசியில், "யாரோ ஒரு கிரேக்கன் மலைமேல நின்னு சிகரெட் பத்தவெச்சிருப்பான், வல்கோ. நீ பயந்துட்ட," என்றார். கடையே சிரித்தது. அதற்கப்புறம் பள்ளிப் பிள்ளைகள் டிக்கெட் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, நெருப்பு இருக்கா? கிரேக்கன் கேக்குறான்," என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம், மெத்தோடி பௌதிக அறையில் தனியாக உட்கார்ந்து மறுநாள் வகுப்புக்குப் படம் தேடிக்கொண்டிருந்தார். பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தின் ஜன்னல் வழியாக அங்கே இருப்பவர்கள் எடுக்கும் படங்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கருங்கடலுக்கு மேலே சூரியன் எழும் படம் ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. நம்முடைய கடற்கரைதான், வளைவு வளைவாகத் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தார்.

கடலுக்கு மேலே, கறுத்த வானத்தில், ஐந்து வெளிச்சங்கள் வரிசையாக நின்றன.

நான்கு சிறியவை. ஐந்தாவது பெரியது, வெளிறிய பச்சை. அதற்கு மூலைகள் இருந்தன. எண்ணினார். ஆறு.

முதலில் அவர் செய்தது தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. பிறகு கணினித் திரையைத் துடைத்தார். வெளிச்சங்கள் போகவில்லை. ஜன்னலில் ஒட்டிய தூசாக இருக்கும் என்று நினைத்தார். தூசென்றால் அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருக்கவேண்டுமே? சில நொடிகள் கழித்து எடுத்த அடுத்த படத்தைத் திறந்தார். சூரியன் சற்று இடப்பக்கம் போயிருந்தது. ஐந்து வெளிச்சங்களும் வலப்பக்கம் நகர்ந்திருந்தன. மூன்றாவது படம்: சூரியன் இன்னும் இடப்பக்கம், அவை இன்னும் வலப்பக்கம். வரிசை குலையாமல்.

தூசு நகராது. நட்சத்திரமென்றால் சூரியனோடு சேர்ந்து ஒரே பக்கம் நகரும். இவை எதிர்ப்பக்கம் போகின்றன. அப்படியென்றால் தாமாகப் போகின்றன.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தவர் அறைக் கதவைச் சாத்தினார். எதற்காகச் சாத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்கும் வேலை. அவருடைய மனைவி நெவேனா, ஊர் மருந்துக்கடையை நடத்துகிறவள், தோலுரித்துக் கைசிவந்து உள்ளே வந்தாள். சமையலறை மேசை முழுக்கக் காகிதம். நடுவில் புருஷன்.

"மெத்தோடி! அங்க மிளகா கருகிப் புகையுது, நீ இங்க கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்க?"

"நெவேனா, இங்க வா. இதைப் பாரு."

அவள் ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "என்னது, தெருவிளக்கா?"

"கருங்கடலுக்கு மேல. பெருசு மட்டும் முப்பது கிலோமீட்டர் அகலம். நாலு தடவை கணக்குப் போட்டுட்டேன்."

"நீ குடிச்சிருக்கியா?"

"நாலு நாளா ராக்கியாவைத் தொடவே இல்ல."

"அதான் கோளாறு போல," என்றாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் எதையாவது கண்டு மிரண்டு அவள் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெசமாவா?"

"மேகமா இருந்தா விளிம்பு இவ்வளவு நேரா இருக்காது. தூசா இருந்தா நகராது. நான் ஒவ்வொண்ணாக் கழிச்சுப் பாத்துட்டேன். மிச்சம் எதுவுமே இல்ல, நெவேனா."

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேலி செய்து காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சொன்னவர் 'ஆதாரம்'. ஆறு ஆசிரியர்களும் அந்த மூன்று படங்களைச் சுற்றி நின்றார்கள். தலைமையாசிரியைக்கு மாவட்ட வானொலியில் ஓர் உறவுக்காரன் இருந்தான். செவ்வாய்க்கிழமை அவர் பேச்சு வானொலியில் வந்தது. புதன்கிழமை காலை தலைநகரத்துத் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து இவேத்தா என்ற நிருபர் அழைத்தாள். தொலைபேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். மெத்தோடி சரியென்றார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பௌதிகம் நடத்துன ஆளாச் சொல்றேன்," என்றார் நிதானமாக. "இது இயற்கையா உண்டானது இல்ல."

வெள்ளிக்கிழமை கேமராவோடு வருவதாக அவள் சொன்னாள். பள்ளி மண்டபத்தில், ஊர்க்காரர்கள் முன்னால் அவர் விளக்குவதை எடுக்கவேண்டுமாம்.

அன்று சாயங்காலம் வாசல் கம்பிக்கதவு அருகில் யாரோ நிற்பது போலிருந்தது. மெத்தோடி போய்ப் பார்த்தார். வல்கோ. பேருந்து நிலையச் சீருடைச் சட்டையோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"வானொலியில கேட்டேன், வாத்தியாரே. நெசமாவே நீங்கதான் பேசினீங்களா?"

"நான்தான்."

"என் பொண்டாட்டி சாகுறப்பகூட என்கிட்ட, 'அந்த வெளிச்சக் கதையை இனிமே யார்கிட்டயும் சொல்லாதய்யா'ன்னுதான் சொல்லிட்டுப் போனா. அவளுக்கு அவ்வளவு வெக்கம்." கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

மெத்தோடி கதவைத் திறந்தார். "உன்னைக் கடையில வெச்சு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, வல்கோ. மன்னிச்சுக்க," என்றார். வல்கோ சட்டென்று அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை முதல் வரிசையில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். தெருவில் அவர் நடந்துபோனதைப் பார்த்த நெவேனா, "மனுஷன் பத்து வயசு கொறைஞ்ச மாதிரி நடக்குறான்," என்றாள்.

வியாழக்கிழமை மதியம் ஸ்லாத்தினா வந்தாள். ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் எதுவானாலும் படமெடுப்பது அவள்தான். மண்டப வாசலில் வைக்க மெத்தோடியைப் பெரிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியை அனுப்பியிருந்தாள். பௌதிக அறைக் கரும்பலகையில் அந்த மூன்று படங்களையும் ஆளுயரத்துக்கு அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அவற்றின் முன்னால் மெத்தோடி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஸ்லாத்தினா கேமரா வழியாகப் பார்த்தாள். பிறகு கேமராவை இறக்கினாள்.

"சார், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க. பின்னாடி இருக்குற படத்துல பேய் விழுந்திருக்கு. சரியா உங்க காதுகிட்ட வருது."

"என்ன விழுந்திருக்கு?"

"பேய் சார். இந்தப் பச்சைப் புள்ளி. சூரியனைப் பாத்துப் படமெடுத்தா வரும்ல, அதுக்கு எங்க தொழில்ல அப்படித்தான் பேரு. கல்யாணப் படத்துல வந்தா அழிச்சுட்டுத்தான் குடுப்பேன். போன மாசம் ஒரு மாமியாரு மூக்கு மேலயே வந்து உக்காந்துக்கிச்சு. அந்தம்மா என்னை அடிக்கவே வந்துடுச்சு." சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் வந்தவள், "ஆமா, அந்த வெளிச்சப் படம் எங்க சார்? வானொலியில சொன்னீங்களே, அதைக் காட்டுங்க," என்றாள்.

மெத்தோடி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. "ஐயய்யோ," என்றாள் மெதுவாக.

"உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் மெத்தோடி. குரல் அவருக்கே அந்நியமாக உயர்ந்திருந்தது. "இது கேமராவுல ஒட்டின அழுக்குன்னு நினைச்சுப் பேசுற. அழுக்கு நகருமா? மூணு படத்தையும் பாரு. சூரியன் இந்தப் பக்கம் போகுது, இதுங்க அந்தப் பக்கம் போகுதுங்க."

"அழுக்கு நகராது சார். பேய் நகரும். கேமராவைத் திருப்பத் திருப்ப, சூரியன் எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். எப்பவும் அப்படித்தான்."

"ஆறு மூலை இருக்கு!"

அவள் தன் கேமராவைத் திருப்பி லென்ஸை அவருக்குக் காட்டினாள். உள்ளே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரு சிறு துளையை விட்டிருந்தன. ஆறு தகடு. துளைக்கு ஆறு மூலை.

"ஓட்டை என்ன வடிவமோ அதே வடிவத்துலதான் பேயும் வரும், சார்."

மெத்தோடி அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லாத்தினா தயங்கித் தயங்கி, மேசைமேல் கிடந்த அவருடைய நீளமான மர அளவுகோலை எடுத்தாள். "நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?" முதல் படத்தில் சூரியனின் மேல் அளவுகோலின் ஒரு முனையை வைத்தாள். மறுமுனையைப் பச்சைப் புள்ளியின் மேல் வைத்தாள். மற்ற நான்கு புள்ளிகளும் அளவுகோலின் விளிம்பில் கோத்தது போல நின்றன. அந்த விளிம்பு படத்தின் நட்டநடு வழியாகப் போனது. இரண்டாவது படத்தில் வைத்தாள். நட்டநடு. மூன்றாவதிலும் அப்படியே. "பேயெல்லாம் எப்பவும் சூரியன்லேர்ந்து நடு வழியாப் போற இந்தக் கோட்டுலதான் விழும், சார்."

நாற்பது காகிதம் கணக்குப் போட்டவர், அந்த ஒரு கோட்டைப் போட்டுப் பார்க்கவில்லை.

"வெளிய வாங்க சார்," என்றாள்.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில் உடற்பயிற்சிக் கூடம். கூரைக்கு மேலே சூரியன். ஸ்லாத்தினா கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு படம் எடுத்துவிட்டுப் பின்பக்கத் திரையைக் காட்டினாள். கூடத்தின் சுவரில், கூடைப்பந்து வளையத்துக்குக் கொஞ்சம் கீழே, வெளிறிய பச்சையில் ஆறு மூலையோடு ஒரு வெளிச்சம் நின்றது. பின்னால் நான்கு சிறியவை. மெத்தோடி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர். திரையைப் பார்த்தார். வெளிச்சம். அவள் கேமராவை ஒரு விரற்கடை திருப்பினாள். வெளிச்சம் சுவரின் மேல் ஊர்ந்து மறுபக்கம் போனது.

"உங்க தொப்பியைக் குடுங்க."

தொப்பியை நீட்டிப் பிடித்துச் சூரியனை மட்டும் மறைத்தாள். திரையில் சுவர் இருந்தது. வளையம் இருந்தது. வெளிச்சம் இல்லை.

மெத்தோடி கூடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தாரா விழுந்தாரா என்று ஸ்லாத்தினாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"தண்ணி கொண்டு வரட்டுமா, சார்?"

"லென்ஸுக்குள்ள எத்தனை கண்ணாடி இருக்கு?"

"இதுல பதிமூணு. பெரிய லென்ஸ்ல இன்னும் அதிகம். சூரியன் உள்ள பூந்ததும் ஒரு கண்ணாடியில பட்டு இன்னொண்ணுல திரும்பி, அதுக்குள்ளயே அலைஞ்சுதான் இப்படி விழும்."

"பாடத்துல ஒரே ஒரு கண்ணாடிதான் வரைவேன்," என்றார் அவர். "முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணே ஒண்ணு. வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடும். எட்டாம் வகுப்புப் பாடம், ஸ்லாத்தினா. உனக்கும் நான்தானே நடத்தினேன்?"

"நடத்தினீங்க. ஆறுக்கு ரெண்டு போட்டு என்னை ஃபெயிலாக்கினீங்க."

"எதுக்கு?"

"அம்புக்குறி போட மறந்துட்டேன்," என்றாள். பிறகு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சார். சத்தியமா. இந்தப் படத்தை அழிச்சுடுறேன்."

"அழிக்காதே," என்றார் மெத்தோடி. "எனக்கு அது வேணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நெவேனா முதலில் நம்பவில்லை. நம்பியதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில உனக்குக் காய்ச்சல். நான் மருந்துக்கடைக்காரி, நான் சொன்னா ஊர் நம்பும். டிவிக்காரங்க ரெண்டு நாள்ல வேற கதைக்குப் போயிடுவாங்க."

"வல்கோ முதல் வரிசையில இடம் கேட்டிருக்கான்."

"அதுக்காகத்தான் சொல்றேன்! அந்த மனுஷன் முகத்தைப் பாத்து எப்படி இதைச் சொல்லுவ?"

அவருக்கும் தெரியவில்லை. ஆனால் போனார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். பேக்கரிக்காரன் கடையை மூடிவிட்டு பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஒரு தட்டோடு வந்திருந்தான். முதல் வரிசையில், கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டில், கழுத்துப்பட்டையோடு வல்கோ. இவேத்தா விளக்குகளைச் சரிசெய்துவிட்டுக் கையசைத்தாள். மெத்தோடி எழுந்து, மேடைச் சுவருக்கு மாற்றியிருந்த அந்த மூன்று படங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒன்றை ஒட்டினார். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர்.

"இந்த வாரம் உங்க எல்லாருக்கும் நான் ஒண்ணு சொன்னேன்," என்று ஆரம்பித்தார். "அது தப்பு. இந்த வெளிச்சம் கருங்கடலுக்கு மேல இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல. இது கேமராவுக்குள்ள இருக்கு. நேத்து மத்தியானம் நம்ம கூடைப்பந்து வளையத்துக்குக் கீழயும் இருந்துச்சு. பாருங்க."

எல்லாவற்றையும் சொன்னார். தகடு, துளை, பதிமூன்று கண்ணாடி, நடுவில் போகிற கோடு. கண்டுபிடித்தது ஸ்லாத்தினா என்பதையும், அவள் சொன்னபோது தான் கத்தியதையும்கூடச் சொன்னார். அவர் முடித்தபோது பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "அடக் கடவுளே, நான் என் அக்காவுக்கு ஜெர்மனிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேனே," என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது வல்கோ எழுந்தார்.

"வாத்தியாரே, ஒரு கேள்வி." கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "உங்க வெளிச்சம் கண்ணாடியில விழுந்தது. சரி, ஒத்துக்குறேன். என்கிட்ட அன்னிக்குக் கேமரா இல்ல. தூரக்கண்ணாடி இல்ல. மூக்குக்கண்ணாடிகூடக் கிடையாது. என் ரெண்டு கண்ணுதான் இருந்துச்சு. அப்போ நான் பாத்தது என்ன?"

மெத்தோடி வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் நாக்கின் நுனிவரை ஏதோ ஒரு பதில் வந்தது, அதைச் சொல்லமுடியவில்லை. தான் இருபது வருடத்துக்கு முன்னால் சொன்னதற்கும் எந்த ஆதாரமும் இருந்ததில்லை என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஒரு நகைச்சுவையைச் சொல்லி ஒரு மனிதனின் வாயை அடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"தெரியாது, வல்கோ," என்றார்.

"தெரியாதா?"

"எனக்குத் தெரியாது."

வல்கோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார். அவர் கோபமாகப் போனாரா என்று யாருக்கும் புரியவில்லை.

இவேத்தா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது மெத்தோடி அவளிடம் போய், "முழுசும் போடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"பாத்துக்கலாம் சார்," என்றாள் அவள், கேபிளைச் சுருட்டிக்கொண்டே.

ஏழு மணிச் செய்தியில் வந்தது. மெத்தோடியும் நெவேனாவும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் கருங்கடல் படம், ஓர் உறுமல் இசையோடு. பிறகு அவருடைய குரல், தொலைபேசியில் பதிவு செய்தது: "இது இயற்கையா உண்டானது இல்ல." அடுத்து நிரம்பி வழிந்த மண்டபம். அவர் படங்களுக்கு முன்னால் நின்று கையை நீட்டிக் காட்டுகிறார். குரல் இல்லை, இவேத்தாதான் பேசுகிறாள். கூடைப்பந்து வளையப் படம் சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது. கடைசியில் வல்கோ. "என் ரெண்டு கண்ணுதான் இருந்துச்சு. நான் பாத்தது என்ன?" என்று கேட்கிறார். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீழே பெரிய எழுத்தில்: பௌதிக ஆசிரியர் உறுதி செய்கிறார்.

மெத்தோடி எழுந்து நின்றார். "வெட்டிட்டாங்க," என்றார். "நெவேனா, நான் சொன்னதை வெட்டிட்டாங்க!" ஏதோ தன் உடம்பில் ஒரு பாகத்தை வெட்டியது போல மார்பைத் தடவிக்கொண்டார். அதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. வர்னாவிலிருந்து ஒருவர், கடற்கரை வீட்டைக் காலிசெய்து குழந்தைகளை உள்நாட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். ஒரு பாட்டி அழுதாள். ஒருவன், உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான் என்று வாழ்த்தினான். மெத்தோடி அவனிடம் பதிமூன்று கண்ணாடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், "உங்களை மிரட்டிட்டாங்களா சார்? புரியுது, புரியுது," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

இவேத்தாவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவருக்கு வீட்டைவிட்டு வெளியே போகவே கால் வரவில்லை. நெவேனாதான் கடைத்தெருப் பக்கம் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தாள். "கோட்டைப் போடு. பஸ் ஸ்டாண்டுக்கு வா. நீயே வந்து பாரு."

டிக்கெட் ஜன்னல் முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே வல்கோ. ஜன்னல் கண்ணாடியில் உடற்பயிற்சிக் கூடத்துப் படம் ஒட்டியிருந்தது. ஸ்லாத்தினாவிடம் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ப்ளோவ்திவ் ரெண்டு," என்றாள் முதலில் நின்ற பெண்.

"இந்தாங்க. இன்னொண்ணு கேட்டுக்கங்க, நேத்து டிவியில காட்டினது பொய். அந்த வெளிச்சம் லென்ஸ்ல விழுந்தது. வாத்தியாரு அதை எங்க முன்னாடி தெளிவாச் சொன்னாரு. நான் முதல் வரிசையில உக்காந்து கேட்டேன். அவனுங்க வெட்டிட்டானுங்க. இந்தப் படத்தைப் பாருங்க. அடுத்தது யாரு?"

"ஆனா நீங்களே டிவியில வந்தீங்களே, மாமா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"வந்தேன். நான் கேட்டதைக் காட்டினானுங்க, அவரு சொன்ன பதிலைக் காட்டல. அடுத்தது?"

மெத்தோடி வரிசைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் பேச்சு அடங்கியது. "வல்கோ," என்றார். "நீ எதுக்கு இதைச் செய்யுற? உனக்கு... அது நெசமா இருந்திருந்தாத்தானே உனக்கு நல்லது?"

வல்கோ டிக்கெட் கட்டைக் கீழே வைத்தார்.

"எல்லையில நான் கமாண்டர்கிட்ட, 'ஒரு வெளிச்சம் நின்னுச்சு, என்னன்னு தெரியல'ன்னுதான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அறிக்கையில அவன், 'எதிரியின் விமானம் என்று கத்தி ஓடினான்'னு எழுதினான். அதை வெச்சுத்தான் என்னை ஆஸ்பத்திரியில போட்டாங்க. சொல்லாததைச் சொன்னதா எழுதினா ஒரு ஆளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், வாத்தியாரே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. அது வேற கணக்கு. அது போகாது. தள்ளி நில்லுங்க, ஆளுங்களுக்கு பஸ் போயிடும்."

மெத்தோடி தள்ளி நின்றார்.

அந்தத் தொலைக்காட்சி பன்னிரண்டு நாள் கழித்து, காலைச் செய்தியின் கடைசியில், ஒரே ஒரு வரியில் திருத்தம் சொன்னது. ஊரில் அதை யாரும் பார்க்கவில்லை. கருங்கடல் படம் ஐந்து வெளிச்சத்தோடும் மெத்தோடியின் பெயரோடும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் போர்ச்சுகலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற கடிதத்துக்கெல்லாம் அவர் தன் கையால் பதில் எழுதுகிறார். ஒவ்வொன்றிலும் கூடைப்பந்து வளையப் படத்தின் பிரதி ஒன்று, சூரியனிலிருந்து நடு வழியாகச் சிவப்பு மையில் போட்ட ஒரு கோடு. ஸ்லாத்தினா பிரதிகளை நூறு நூறாக எடுத்துக் கொடுக்கிறாள். எழுதியவர்களில் பாதிப் பேர் திரும்ப எழுதுவதில்லை. திரும்ப எழுதுகிறவர்களில் பாதிப் பேர் திட்டுகிறார்கள்.

அந்தக் கடிதக்கட்டை அவர் சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் வல்கோவிடம் கொடுப்பார், மதிய வண்டியில் தபாலோடு சேர்த்து அனுப்ப. வல்கோ வாங்கி எண்ணிப் பார்த்துப் பையில் போடுவார். சில சனிக்கிழமைகளில் இருவரும் நான்கு வார்த்தை பேசுவார்கள். சில சனிக்கிழமைகளில் பேசுவதில்லை.